கோயிலில் பழகிய காது

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கீபோர்டு வகுப்பு எடுக்கிறேன். மகளைக் கூட்டிவரும் ஒரு அப்பா போன மாதம் கேட்டார்: "சார், ரெக்கார்டிங், மேடைக் கச்சேரி, எங்கே பார்த்தாலும் வயலின், கிடார், கீபோர்டு வாசிக்கிறவங்கள்ல கிறிஸ்தவங்க நிறைய பேர் இருக்காங்களே. சர்ச்சுல அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறாங்க?"

வாசலில் நின்றபடியே பதில் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே மழை பிடித்துக்கொண்டது, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் கேட்டது நல்ல கேள்வி. கிறிஸ்தவ வழிபாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திராதவர்களுக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக எடுத்துவைத்துக்கொள்வோம். ஒன்று வளர்ப்பு. சின்ன வயதிலிருந்து ஞாயிறுதோறும் எந்தப் பாட்டைக் கேட்டோம், யார் பக்கத்தில் நின்று பாடினோம், எந்த மாதத்தில் எது பாடக்கூடாது என்று இருந்தது, இதெல்லாம் வளர்ப்பு. இன்னொன்று விசுவாசம். கடவுள் இருக்கிறார், நான் வாசிப்பதை அவர் கேட்கிறார் என்று ஒருவர் மனதார நம்புவது. வளர்ப்பு காதிலும் கையிலும் வேலை செய்யும். விசுவாசம், எதற்காக வாசிக்கிறோம் என்ற கேள்வியில் வேலை செய்யும். பலரிடம் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் ஒன்று என்றே நினைத்துவிடுகிறோம். ஒன்று மட்டும் உள்ளவர்களும் உண்டு, அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் காதுக்கு இரண்டு ஊர். அம்மா வழி கடலூரில் லுத்தரன் (கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்த சபைகளில் ஒன்று) குடும்பம், அப்பா வழி புதுச்சேரியில் கத்தோலிக்கக் குடும்பம். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனால் இரண்டு ஊரின் கோயில் பாட்டும் (சர்ச்சை நாங்கள் கோயில் என்போம்) ஒன்றுக்கொன்று அந்நியமாக இருக்கும். காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் ஊர், கத்தோலிக்கக் குருக்களின் ஊர். சம்பா கோயில் என்ற பெயரில் புனித பவுல் ஒளிந்திருக்கிறார், கப்ஸ் கோயில் என்ற பெயரில் கப்பூசின் துறவிகள். கடலூரோ ஆங்கிலேயர்களின் புனித டேவிட் கோட்டை இருந்த ஊர். 1740-இல் அங்கே வந்த கீர்நாண்டர் சீர்திருத்த சபைப் போதகர். பின்னால் டென்மார்க் மிஷனரிகளின் பணியில் உருவான ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு இன்றைக்கும் கடலூர்தான் தலைமையிடம்.

லுத்தரன்கள் பாட்டுக்காரர்கள். அந்தச் சபையைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தரே பாட்டு எழுதியவர், மெட்டும் போட்டவர். குருவும் தனிப் பாடகர்களும் மட்டும் பாடிக்கொண்டிருந்த நிலை மாறி, உட்கார்ந்திருக்கும் சனம் முழுவதும் தங்கள் சொந்த மொழியில் பாட வேண்டும் என்று அவர் நினைத்தார். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் அந்த ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கி, மெட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அவைதான் ஞானப்பாட்டுகள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பாட்டி வீட்டுக்குப் போவேன். அங்கே பாடற்குழுவில் நான்கு குரல்: பெண்களில் உயர்ந்த குரலுக்குச் சொப்ரானோ, தாழ்ந்ததற்கு ஆல்டோ, ஆண்களில் அதேபோல டெனார், பேஸ். சிறு பையனாக ஆல்டோவில் நின்றேன். பதினான்கு வயதில் குரல் உடைந்ததும் டெனாருக்குத் தள்ளினார்கள். பாடற்குழு மாஸ்டர் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகத்தான் பழக்குவார். டெனார் வரியைத் தனியாகப் பாடினால் பாட்டு மாதிரியே இருக்காது. ஒரே ஸ்வரத்தில் நாலைந்து எழுத்து நிற்கும், ஒரு படி இறங்கும், மறுபடி பழைய இடத்துக்கே வரும். இது என்னடா, கூப்பிட்டு மூலையில் நிற்கவைத்த மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஒரே வருத்தம். மூன்றாம் நாள் நான்கு குரலையும் சேர்த்துப் பாடவைத்தார். நான் அதே சலிப்பான ஸ்வரத்தில்தான் நின்றேன். ஆனால் கீழே பேஸ் இறங்க, மேலே சொப்ரானோ ஏற, நான் அசையாமல் நின்ற ஸ்வரத்தின் நிறமே மாறிவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் குரலில் ஒன்றும் மாறவில்லை, சுற்றி இருந்தவர்களால் அது வேறொன்றாகிவிட்டது.

அந்த அப்பாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். நம் கர்நாடக மரபும் நாட்டுப்பாட்டும் ஒற்றை மெட்டை ஆழமாகத் தோண்டுகிறவை. அதில் வளர்ந்த காது மெட்டின் நெளிவு சுளிவுகளைப் பிடிக்கும். நான்கு குரலில் வளர்ந்த காது, ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்களைப் பிரித்துக் கேட்கும். பார்க்காமலே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) பிடிக்கிறார்களே என்று நாம் வியப்பது இந்தக் காதைத்தான். கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்தில் பங்குக் கோயிலை ஒட்டியே பள்ளி நடந்தது, அங்கே பிள்ளைகளுக்கு ஸ்வரம் பார்த்துப் பாடவும் வயலின் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அப்படி வந்தவர்கள்தான் பம்பாய் சினிமா இசைக்குழுக்களை நிரப்பினார்கள். அவர்களில் ஒருவரான அந்தோனி கோன்சால்வஸிடம், பின்னாளில் இந்தி சினிமா இசையமைப்பாளர்களான ஆர்.டி.பர்மனும் பியாரேலாலும் வயலின் கற்றிருக்கிறார்கள்.

கடலூர்ப் பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரிந்தது. அதைச் சொல்லாவிட்டால் விளக்கம் முழுமை பெறாது. தமிழில் குறிலும் நெடிலும் வேறு வேறு சொல். 'விடு' என்பதை இழுத்தால் 'வீடு' ஆகிவிடும், 'படு' இழுபட்டால் 'பாடு'. ஜெர்மன் மெட்டில் நீண்ட ஸ்வரம் எங்கே வரும் என்பதை ஜெர்மன் மொழியின் அழுத்தம் முடிவு செய்திருக்கும். அந்த இடத்தில் தமிழ்க் குறில் போய் உட்கார்ந்தால் சொல் உருமாறிவிடும். பாட்டிக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம் என்பதால் அவருக்கு இது உறுத்தவில்லை. எனக்குப் புத்தகத்தைப் பார்த்தால்தான் அர்த்தம் புரிந்தது.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் பிறந்தவர். 1750-இல் கடலூரில் கப்பலிறங்கிய ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர்தான் பன்னிரண்டு வயதுப் பையனாக அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் வளர்த்தார். பின்னால் அரசரான சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் மாணவர். வளர்ப்பு ஒரு கலைஞனை எப்படி உருவாக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரு காதில் ஜெர்மன் ஞானப்பாட்டு, மறு காதில் தஞ்சாவூர் அரண்மனைச் சங்கீதம். அவர் எழுதிய கீர்த்தனைகள் ராகத்திலும் தாளத்திலும் பல்லவி, சரணம் என்ற கட்டிலும் அமைந்தன, எதுகையும் மோனையும் தாமாக வந்து விழுந்தன. தெய்வம் பவனி வருவதையும் தலைவி அதைக் கண்டு மயங்குவதையும் குறத்தி குறி சொல்வதையும் பாடும் குறவஞ்சி வடிவத்தை எடுத்துக்கொண்டு பெத்லகேம் குறவஞ்சி பாடினார். நம்பிக்கை புதிது, நாக்கு பழையது. நாக்குக்கு ஏற்றபடி நம்பிக்கை பாட்டானது.

தஞ்சாவூரிலேயே பின்னொரு காலத்தில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதரும் அப்படித்தான். கிறிஸ்தவ வீட்டில் பிறந்த சித்த வைத்தியர், கீர்த்தனைகளும் இயற்றியவர். 1912 முதல் சங்கீத மாநாடுகளைத் தம் செலவில் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். பழந்தமிழ் இசையைத் தேடி அவ்வளவு தூரம் போனவர் அவர். கிறிஸ்தவராக வளர்ந்தவர் மேல்நாட்டு இசைப் பக்கம்தான் சாய்வார் என்று யாராவது சொன்னால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, புதுச்சேரிக்கு வருவோம். அப்பாவின் பங்குக் கோயிலில் பதினேழு வயதில் பூசைக்கு (கத்தோலிக்கர்களின் முக்கிய வழிபாடு) கீபோர்டு வாசிக்க உட்கார்ந்தேன். பூசை என்பது கச்சேரி கிடையாது. அதன் வரிசை முன்பே முடிவானது: வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், அல்லேலூயா, காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல். ஒவ்வொன்றும் பீடத்தில் நடக்கும் ஒரு காரியத்துக்குத் துணை. அந்தக் காரியம் முடிந்தால் பாட்டும் முடிய வேண்டும்.

நற்கருணை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், அதை வாங்க மக்கள் வரிசையில் வரும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு மூன்று சரணம், பாடி முடிக்க நாலு நிமிடம். வரிசை ஒருநாள் மூன்று நிமிடத்தில் முடியும், திருவிழா என்றால் பதினைந்து நிமிடம் போகும். சரணம் தீர்ந்த பிறகும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தால் வாசிப்பவர் சும்மா இருக்க முடியாது. பாட்டின் மெட்டைக் கொஞ்சம் மாற்றி, கீழ் ஸ்தாயியில் மெதுவாக ஒரு சுற்று, அப்புறம் வேறு கார்டில் இன்னொரு சுற்று என்று கண்ணை வரிசையின் வாலில் வைத்துக்கொண்டே வாசிக்க வேண்டும். கடைசிப் பாட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது சுருதியில் வந்து நிற்க வேண்டும். நடுவில் ஃபாதர் பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டால் இரண்டே தாளத்தில் முடிக்க வேண்டும். யாரும் கைதட்டமாட்டார்கள், சரியாக வாசித்தால் வாசித்ததே யாருக்கும் தெரியாது. மனோதர்மம் என்று கச்சேரி மேடையில் சொல்வதை நான் பழகிய இடம் இந்த வரிசைதான். ஸ்டுடியோவில் காட்சியின் நீளத்துக்குப் பின்னணி வாசிப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், இந்தப் பழக்கம் அங்கே எவ்வளவு உதவுகிறது என்று சொல்வார்கள்.

சுருதி விஷயமும் அப்படித்தான். பாடகிக்குச் சௌகரியமான சுருதியில் எடுத்தால், கூடவே பாட வேண்டிய தாத்தாக்களுக்கு மேல் ஸ்வரம் எட்டாது, பாட்டு பாதியில் படுத்துவிடும். சனம் பாடவில்லை என்றால் சுருதியை இறக்கு என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். பிறர் பாடுவதற்காக நாம் இறங்கிப்போவது என்பது சங்கீதக் கல்லூரியில் பாடமாக வைக்கப்படாத ஒன்று. கட்டடமும் கற்றுக்கொடுக்கும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இருதய ஆண்டவர் பேராலயம் 1907-இல் கட்டி முடிக்கப்பட்டது, கோத்திக் பாணி, உயர்ந்த வளைவுகள். அப்படிப்பட்ட இடத்தில் ஒலி அடங்க நேரம் பிடிக்கும். கார்டை அவசரமாக மாற்றினால் பழையதும் புதியதும் கலந்து கூழாகிவிடும். அதனால் காத்திருக்கப் பழகுவோம்.

தமிழில் பூசைப் பாட்டு இவ்வளவு பெருகியதற்கு ஒரு காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1960களின் நடுப்பகுதி வரை பூசை லத்தீனில்தான் நடந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த ஊர் மொழிக்கு இடம் கொடுத்தது. திடீரென்று பூசையின் எல்லாக் கட்டத்துக்கும் தமிழ்ப் பாட்டு தேவைப்பட்டது. குருக்களும் உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் மெட்டுப் போட உட்கார்ந்தார்கள். இன்று நாங்கள் பாடும் பாட்டுகளில் பெரும்பகுதி அதற்குப் பின் பிறந்தவை.

இன்னொன்று மௌனம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் புகழ்ப்பாட்டைப் பாடமாட்டோம், அல்லேலூயா கிடையாது. வாத்தியம் பாடுகிறவர்களைத் தாங்குவதற்கு மட்டும்தான். பெரிய வியாழன் மாலைப் பூசையில் 'உன்னதங்களிலே' ஒருமுறை பாடப்படும், எல்லா மணியும் அடிக்கும். அதோடு மணிகள் ஊமையாகிவிடும். பெரிய வெள்ளியன்று மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்த வறண்ட 'டக் டக்' சத்தம் சின்ன வயதில் எனக்குப் பயமாக இருக்கும். சனி நள்ளிரவுச் சடங்கில் இருட்டில் ஒரு மெழுகுதிரியில் தொடங்கி, பழைய ஏற்பாட்டு வாசகங்கள் எல்லாம் முடிந்து, 'உன்னதங்களிலே' எடுக்கும்போது விளக்கெல்லாம் எரிய, மணியெல்லாம் ஒருசேர அடிக்க, நான் இரண்டு கையையும் கீபோர்டில் இறக்குவேன். வாசிப்பது சாதாரண ஒரு மேஜர் கார்டு, மூன்றே ஸ்வரம். நாற்பது நாள் காத்திருந்ததால் அது வானம் திறந்த மாதிரி ஒலிக்கும். எதை வாசிப்பது என்பதைவிட, எதை எவ்வளவு நாள் வாசிக்காமல் இருப்பது என்பதில் இசையின் பலம் இருக்கிறது என்று இந்த நாட்காட்டி எனக்குள் ஏற்றிவிட்டது.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் வாழ்ந்த லைப்சிக் நகரத்திலும் தவக்காலத்தில் கோயிலில் பெரிய வாத்திய இசை கிடையாது. 1723-இல் அங்கே புனித தோமா ஆலயத்தின் இசைப் பொறுப்பை ஏற்ற பாக், தொடக்க வருடங்களில் கிட்டத்தட்ட வாரம் ஒரு கான்டாட்டா (குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த வழிபாட்டு இசை) எழுதிக் குவித்தார். தவக்காலம் வந்ததும் அந்த ஓட்டம் நிற்கும். 1724-இல் அப்படி நின்ற வாரங்களுக்குப் பின், பெரிய வெள்ளியன்று இயேசு பட்ட பாடுகளைப் பற்றி யோவான் எழுதிய வரலாற்றை இசையாகக் கேட்கவைத்தார். அதன் தொடக்கத்தில் இருக்கும் அந்தக் கொந்தளிப்பைப் பல வாரம் கோயிலில் பெரிய வாத்திய இசையை அதிகம் கேட்காமல் இருந்த காதுகளோடு கேட்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். பத்து வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, ஆர்கன் வாசிப்பவரான அண்ணன் வீட்டில் வளர்ந்தவர் அவர். கோயிலும் இசையும் வீடும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. தம் கையெழுத்துப் பிரதிகளின் தலைப்பில் 'இயேசுவே, உதவும்' என்பதற்கும், முடிவில் 'கடவுளுக்கே மகிமை' என்பதற்கும் லத்தீன் எழுத்துச் சுருக்கம் போடுவது அவர் வழக்கம்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் வளர்ப்பு. அந்தச் சுருக்கெழுத்தில்தான் விசுவாசம் தொடங்குகிறது. கேட்பவர்களுக்கு முன்னால் கேட்கிற இன்னொருவர் இருக்கிறார் என்று நம்புகிறவர், அரங்கில் ஐந்து பேர் இருந்தாலும் ஐயாயிரம் பேர் இருந்தாலும் ஒரே மாதிரி தயாராகி வருவார். எங்கள் வீடுகளில் 'தாலந்து' என்ற சொல் சாதாரணமாகப் புழங்கும். மத்தேயு நற்செய்தியின் உவமையில் அது ஒரு பெரிய பணத் தொகை. எஜமான் கொடுத்ததைப் பெருக்காமல் மண்ணில் புதைத்தவன் கோபத்துக்கு ஆளாகிறான். அதிலிருந்து, பாடத் தெரிந்த பிள்ளையைப் பார்த்து "கர்த்தர் கொடுத்த தாலந்து, புதைச்சு வைக்காதே" என்பார்கள். கூச்சப்படும் குழந்தைக்கு அந்த ஒரு வரி மேடையேறும் தைரியத்தைக் கொடுக்கும். அதே வரி, வேறு வேலைக்குப் போய்விட்டவரின் மனதில் வருடக்கணக்கில் முள்ளாகவும் நிற்கும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

விசுவாசம் என்றால் எப்போதும் சந்தோஷப் பாட்டு என்று நினைக்கிறவர்களுக்கு நான் வேதாகமத்தில் உள்ள சங்கீதப் புத்தகத்தைத்தான் காட்டுவேன். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்பார்கள். 150 பாட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புலம்பல், முறையீடு. 88ஆம் பாட்டு இருட்டிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. அதைப் பாடி வளர்ந்த பிள்ளைக்கு, கடவுளிடமே சண்டை போடலாம், அதையும் பாட்டாக்கலாம் என்ற அனுமதி சின்ன வயதிலேயே கிடைத்துவிடுகிறது. நம் ஒப்பாரி தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அமெரிக்காவின் தாமஸ் டார்சி வாழ்க்கையில் இது அப்படியே நடந்தது. போதகரின் மகன், அம்மா கோயிலில் ஆர்கன் வாசித்தவர். டார்சி இரவு விடுதிகளில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோக இசையான ப்ளூஸ் வாசித்து, ஜார்ஜியா டாம் என்ற பெயரில் புகழ்பெற்றார். 1932-இல் பிரசவத்தில் மனைவி இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில், என் கையைப் பிடித்து நடத்தும் என்று ஆண்டவரைக் கேட்கும் பாட்டை எழுதினார். ப்ளூஸின் அழுகையும் கோயில் பாட்டின் நம்பிக்கையும் அதில் பிரிக்க முடியாதபடி கலந்தன. இன்று காஸ்பல் என்று உலகமே அழைக்கும் இசைக்கு அவரைத் தந்தை என்கிறார்கள். ஆனால் தொடக்கத்தில் பல கோயில்கள் அவருடைய மெட்டுகளை விடுதிச் சத்தம் என்று ஒதுக்கின.

அந்த ஒதுக்கல் நமக்கும் தெரியும். சினிமாப் பாட்டு வாசிக்கிறவன் பீடத்துக்குப் பக்கத்தில் உட்காரலாமா என்று எனக்கே ஒரு கூட்டத்தில் முகத்துக்கு நேரே கேட்டார்கள். வாரநாளில் கல்யாணக் கச்சேரி, ஞாயிறு பூசை என்று வாழ்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். சிலர் ஒரு பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். நான் விடவில்லை. டெனார் வரியை எனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் வாழ்நாள் முழுக்க ஊர் பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசித்தவர்.

இதைவிடக் கனமான ஒதுக்கல் சாதி. இன்றைய சம்பா கோயிலுக்கு முன்பு இருந்த கோயிலில் சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்டவர்களையும் பிரிக்க உள்ளே ஒரு சுவர் இருந்ததையும், 1745-இல் அது இடிக்கப்பட்டபோது எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இசையிலும் அந்தச் சுவர் இருந்தது. வீணையும் வயலினும் உள்ளே வரலாம், பறை வாசலோடு சரி. கீர்த்தனைகளை அவ்வளவு அழகாகச் செய்த வேதநாயக சாஸ்திரியாரும், மிஷனரிகள் சாதி வரிசையை ஒழிக்க முயன்றபோது எதிர்த்து நின்றார். அவர் பாட்டை நேசிக்கிற நான் இதை மறைக்க விரும்பவில்லை. பின்னாளில் மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய பரட்டை தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டின் நடுவே கொண்டுவந்தார். ஒரே உலையில் சமைத்து எல்லோரும் உண்பதுதான் நற்கருணையின் அர்த்தம் என்றால், அந்த உலையைச் சுற்றி உழைக்கிறவர்களின் இசைதான் ஒலிக்க வேண்டும் என்பது அவர் நிலை. ஒரே வேதாகமம்தான். ஒருவர் அரண்மனை ராகத்தை எடுத்தார், ஒருவர் தெம்மாங்கை எடுத்தார். விசுவாசம் ஒருவரிடமிருந்து எந்த இசையை வரவழைக்கும் என்பதை, அவர் எந்தத் தெருவில் வளர்ந்தார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

வளர்ப்பு மட்டும் உள்ளவர்கள் என்று முதலில் சொன்னேன் இல்லையா? இங்கிலாந்தின் இசையமைப்பாளர் ரேஃப் வான் வில்லியம்ஸ் ஆங்கிலிக்கன் சபையின் ஒரு பங்குக் குருவின் மகன். அவருக்குக் கடவுள் நம்பிக்கை நிலைக்கவில்லை. ஆனாலும் 1906-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆங்கிலப் பாடல் புத்தகத்துக்கு இசைப் பதிப்பாசிரியராக உட்கார்ந்து, நாட்டுப்புற மெட்டுகளைத் தேடி எடுத்துச் சேர்த்தார். சொந்த மெட்டு ஒன்றுக்குத் தாம் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். இதற்கு நேர் எதிர் பிரான்சின் இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான். தந்தை ஷேக்ஸ்பியரை மொழிபெயர்த்தவர், தாய் கவிஞர். விசுவாசம் பிறவியிலேயே தனக்கு இருந்தது என்பார் மெசியான். 1931 முதல் அறுபது வருடம் பாரிஸில் ஒரே கோயிலில் ஆர்கன் வாசித்தார். ஜெர்மானியப் போர்க் கைதி முகாமில் 1941 ஜனவரியில், வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை மனதில் வைத்து எழுதிய நால்வர் இசையைச் சக கைதிகளுக்கு முன் அரங்கேற்றினார். நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு விஷயம்: சாரங்கதேவரின் பழைய இசை நூலான சங்கீத ரத்னாகரத்தில் உள்ள 120 தேசி தாளங்களைப் படித்து, தம் கத்தோலிக்க இசைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டவர் அவர்.

அந்த அப்பா மகளோடு மறுபடி வந்தால் ஒன்று சொல்லலாம் என்றிருக்கிறேன். கேட்டுப் பார்க்க ஆசை இருந்தால் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை இரவு வாருங்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பின் வரிசையில் உட்காருங்கள். கடலூர்ப் பக்கம் போனால் ஒரு ஞாயிறு காலை லுத்தரன் கோயிலில் ஆண்கள் நிற்கும் பக்கமாக உட்கார்ந்து, மெட்டை விட்டுவிட்டு அதற்குக் கீழே நகராமல் நிற்கும் குரலை மட்டும் பிடியுங்கள். முதல் சரணத்தில் கிடைக்காது. மூன்றாவதில் கிடைக்கும்.